அரை மில்லிமீட்டர் இருப்பு

நம் ஊர்ப் பக்கத்தில் ‘லேசர்’ என்கிற ஒரு சொல்லுக்கு நாலு வேலை. தாத்தாவுக்குப் புரை எடுத்துக்கொண்டு வந்தால் ‘லேசர் வச்சு எடுத்தாங்க’ என்கிறார்கள். அங்கே பெரும்பாலும் வேலை செய்தது லேசரே அல்ல, புரையை ஒலியலையால் நொறுக்கி உறிஞ்சுகிற கருவி. எடுத்த சில வருடத்தில் மறுபடி மங்கினால் உள்ளே இருக்கும் சவ்வில் சின்னத் துளை போடுவார்கள்; அது லேசர்தான். சர்க்கரை நோயால் விழித்திரையில் கசிவு கண்டவருக்கு அங்கங்கே சூடு வைப்பதும் லேசர். நாலாவதாக, படித்து முடித்த பேத்திக்குக் கல்யாணப் பேச்சு தொடங்குவதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்துச் செய்வதும் லேசர். கம்மாபுரத்திலிருந்து நெய்வேலிக்கோ விருத்தாசலத்துக்கோ கடலூர் தாண்டிப் புதுச்சேரிக்கோ கண்ணைக் காட்டப் போகிற குடும்பத்துக்கு இந்த நாலும் ஒரே பெயரில் வந்து சேர்கின்றன. தாத்தாவுக்கு அரை மணியில் முடிந்ததே, சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாரே என்கிற தைரியம் அப்படியே பேத்தியின் கண்ணுக்கும் கைமாறிவிடுகிறது. கைமாறக் கூடாத தைரியம் அது. முதல் மூன்றும் கெட்டுப்போன கண்ணுக்குச் செய்பவை. நாலாவது, கண்ணாடி போட்டால் பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுகிற, நோய் என்று ஒன்றும் இல்லாத கண்ணுக்குச் செய்வது.

இதை மனதில் வைத்தால்தான் லேசிக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தச் சிகிச்சையின் ஆபத்துகளைச் சரியான தராசில் நிறுக்க முடியும். புரை முற்றிக் கைவிரலை எண்ணக்கூட முடியாதவர், ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய கிருமித் தொற்றுக்குப் பயந்து ஒதுங்கினால் நஷ்டம் அவருக்குத்தான். செய்யாமல் விட்டால் பார்வை போவது நிச்சயம். லேசிக்கைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? கண்ணாடி மூக்கின் மேல் இருக்கும், அவ்வளவுதான். அதனால் இங்கே சின்ன ஆபத்துக்கும் எடை கூடுதல். லேசிக் பொல்லாத சிகிச்சை என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. உலகத்தில் அதிகம் செய்யப்பட்ட, அதிகம் ஆராயப்பட்ட அறுவைச் சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. நான் சொல்ல வருவது இதுதான்: அதன் பெரிய ஆபத்துகளில் பெரும்பகுதி, கதிர் கண்ணில் படுவதற்கு முன்பே, அளவெடுக்கும் அறையில் முடிவாகிவிடுகிறது. எந்தக் கண்ணை உள்ளே விடுவது, எந்தக் கண்ணைத் திருப்பி அனுப்புவது என்கிற அந்த முடிவில் கோட்டைவிட்டால், அப்புறம் எத்தனை கோடி ரூபாய்க் கருவி இருந்தும் பயனில்லை.

கருவியின் மேல் பழி போட இடம் குறைவு. அதன் பிறப்பில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன ரங்கசாமி சீனிவாசன், அங்கே ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் எக்ஸைமர் லேசரை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய்க் கதிருக்குக் கீழே வைத்துப் பார்த்தார். 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அந்தப் புற ஊதாக் கதிர், சுற்றுவட்டாரச் சதையைக் கருக்காமல், உளி வைத்துச் செதுக்கியதுபோல் வேண்டிய இடத்தை மட்டும் எடுத்தது. பச்சை நிற லேசர் அதே சதையைத் தீய்த்துவிட்டது. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலோடு சேர்ந்து கருவிழியிலும் இதைச் செய்யலாம் என்று சீனிவாசன் எழுதினார். ஐபிஎம்மின் அந்த மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2013இல், ஒபாமா அதிபராக இருந்தபோது, அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. இந்தக் கதிரின் ஒரு துடிப்பு கருவிழியிலிருந்து எடுப்பது ஏறத்தாழ கால் மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். இவ்வளவு துல்லியமாகச் செதுக்கும் கதிர், சொன்னதைச் செய்யும். யாருடைய கண்ணில் எவ்வளவு செதுக்கச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்; எட்டாம் வகுப்புக் கழித்தல்தான். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் சொச்சம், கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டை கனம். ஒருவருக்கு அது 520 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். லேசிக்கில் முதலில் மேற்பரப்பை ஒரு மடல்போலக் கீறி, புத்தக அட்டையைத் திறப்பதுபோல் ஒருபக்கம் திருப்புவார்கள். இந்த மடல் சுமார் 110 மைக்ரான். அடியில் தெரிகிற பகுதியைத்தான் கதிர் செதுக்கும். கிட்டப்பார்வையில் ஒரு பவருக்குத் தோராயமாக 15 மைக்ரான் போகும். பவர் மைனஸ் ஆறு என்றால் 90. வேலை முடிந்ததும் மடலை மூடிவிடுவார்கள்; தையல் இல்லை, தானே ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒட்டிக்கொண்ட மடல் பழைய பலத்தோடு பாரம் தாங்குவதில்லை. ஆக மிச்சம் 320 மைக்ரான். அடியில் மிஞ்சுவது 250க்குக் கீழே போகவே கூடாது என்பது பழைய எல்லை. 300 இருந்தால்தான் நிம்மதி என்கிற மருத்துவர்கள் நிறைய. இதே பவர், ஆனால் கருவிழி 470தான் என்றால் மிச்சம் 270. பவர் ஒன்பது, கருவிழி 470 என்றால் மிச்சம் 225. அந்தக் கண்ணுக்கு லேசிக் கிடையாது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவருக்குத்தான் அதைக் கழற்றும் ஆசை அதிகம். இந்தக் கழித்தலில் அடிக்கடி தோற்பவரும் அவர்தான். அவருக்குக் கருவிழியைத் தொடாமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிற வழி இருக்கிறது. அதற்குத் தனி ஆபத்துகளும் தனிக் கணக்கும் உண்டு.

இந்த மிச்சம் ஏன் முக்கியம் என்று நெய்வேலிக்காரர்களுக்கு விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே ஊற்றுநீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது; மேலே கிடக்கும் மண்ணின் பாரம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. ராட்சதச் சக்கரங்கள் மேல்மண்ணை வெட்ட வெட்ட அந்தப் பாரம் குறைகிறது; விட்டால் நீர் சுரங்கத்தின் தரையையே தூக்கிக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் ராப்பகலாக மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். கண்ணுக்குள்ளும் ஒரு நீர் இருக்கிறது. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் கருவிழியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அட்டை கனமாக இருக்கும்வரை தள்ளுவது தெரியாது. அளவுக்கு மீறிச் செதுக்கிவிட்டால், அல்லது பிறவியிலேயே நார் தளர்ந்த கருவிழியில் கொஞ்சம் செதுக்கினால்கூட, மாதங்களிலோ வருடங்களிலோ நடுப்பகுதி முன்னால் புடைத்துக் கூம்பாகிவிடும். கண்ணுக்கு மோட்டார் கிடையாது. 1998இல் தியோ சைலர் முதலில் எழுதிய இந்தப் புடைப்புதான் லேசிக்கின் ஆகப் பெரிய பயம். நிகழ்வது அரிது, ஆயிரம் கண்ணில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. வந்தால் கண்ணாடியால் திருத்த முடியாத பார்வைக் கோணல். கெட்டியான விசேஷ லென்ஸ். முற்றினால் கருவிழி மாற்று. ரிபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி காட்டி நார்களைப் பிணைக்கிற சிகிச்சை 2000க்குப் பிறகு வந்தது. அது புடைப்பை மேற்கொண்டு போகவிடாமல் நிறுத்தும், பழைய வடிவத்தைத் திருப்பித் தராது.

நம் நாட்டில் இந்தப் பயத்துக்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. கருவிழி தானாகவே கூம்பிப்போகும் நோய் ஒன்று உண்டு; இளவயதில் தொடங்கும்; ஆரம்பத்தில் சிலிண்டர் பவர் அடிக்கடி மாறுவதைத் தவிர வேறு அடையாளம் காட்டாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் எடுத்த பழைய கணக்கில் இது லட்சத்துக்கு 54 பேர். நாக்பூர் வட்டாரக் கிராமங்களில் 30 வயது தாண்டியவர்களைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 2.3 பேர். இரண்டிலும் நோயை வரையறுத்த விதம் வேறு. நாக்பூரில் வலை அகலமாக வீசப்பட்டது. அதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி செய்துவிட்டுப் பார்த்தாலும், இங்கே அது அபூர்வ நோயல்ல என்பது நிற்கிறது. ஒவ்வாமையும் கண்ணைக் கசக்குவதும் இந்த நோயோடு கைகோத்து வருபவை. வெயிலும் புழுதியும் உள்ள ஊரில், சித்திரை வைகாசியில் கண் அரித்து முஷ்டியால் தேய்த்துத் தேய்த்து வளர்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அப்படி வளர்ந்தவர் லேசருக்குப் போய் நின்றால், கருவிழியின் முன்புறமும் பின்புறமும் மேடுபள்ள வரைபடம் எடுத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. தடிமனை மட்டும் அளந்து அனுப்புகிற இடம் பாதிப் பரிசோதனைதான் செய்கிறது. அந்த வரைபடமும், காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் அதைக் கழற்றிச் சில நாள் ஆன பிறகு எடுத்தால்தான் செல்லும்; மென்மையான லென்ஸுக்கு ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸுக்கு இன்னும் அதிகம். நேற்று வரைக்கும் லென்ஸ் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இன்று அளவெடுத்து நாளைக்கே தேதி குறித்தால், லென்ஸ் அமுக்கிய வடிவத்தைத்தான் அளந்திருக்கிறார்கள்.

அரிய ஆபத்தை விட்டுச் சாதாரணத் தொந்தரவுக்கு வருவோம். முதலாவது கண் வறட்சி. மடல் கீறும்போது கருவிழியின் நுண்ணிய நரம்புகள் அறுபடுகின்றன. கண்ணுக்கு ‘காய்கிறேன், நீர் விடு’ என்று சொல்கிற தந்தி அவைதான். தந்தி அறுந்ததும் நீர் சுரப்பது குறையும், இமைப்பதும் குறையும். மணல் விழுந்ததுபோல் உறுத்தும். நரம்பு மறுபடி முளைக்க ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். பெரும்பாலானோருக்குத் தணிந்துவிடும், மிகச் சிலருக்கு நரம்பு தப்பாக முளைத்து, சோதனையில் ஒன்றும் தெரியாத, ஆனால் தீராத எரிச்சலாக நின்றுவிடுகிறது. இரண்டாவது இரவு வெளிச்சம். கண்மணி இருட்டில் விரிகிறது. செதுக்கிய வட்டத்தின் விளிம்பு அதற்குள் வந்துவிட்டால் எதிரே வருகிற லாரியின் விளக்கைச் சுற்றி வளையமும் கதிர்க்கற்றையுமாகத் தெரியும். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கண் ஆய்வு நிறுவனத்தோடும் பாதுகாப்புத் துறையோடும் சேர்ந்து 574 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு இந்தத் தொந்தரவே இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மூன்றாவது மாதம் ஏதோ ஒரு புதிய பார்வைத் தொந்தரவைச் சொன்னார்கள். முன்பு வறட்சி இல்லாதவர்களில் கால்வாசிக்கு மேல் வறட்சியைச் சொன்னார்கள். அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் திருப்தி என்றும் சொன்னார்கள். அன்றாட வேலைக்கே பெரும் இடைஞ்சல் என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டும் உண்மை. விளம்பரம் இரண்டாவதை மட்டும் அச்சடிக்கிறது, வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பயமுறுத்தல் முதலாவதை மட்டும்.

அந்த ஒரு சதவீதத்துக்குக் குறைவானவரில் யார் இருப்பார் என்பதை யோசிக்கும்போது வேலை குறுக்கே வருகிறது. வளையம் தெரிந்தால் என்ன, பழகிவிடும் என்று குளிரூட்டிய அறையில் பகலில் உட்காருகிறவர் சொல்லலாம். மூன்றாவது ஷிஃப்ட்டுக்கு ராத்திரி பைக்கில் போய், விளக்குக் கம்பங்களின் வெளிச்சத்தில் கனரக வண்டி ஓட்டுகிறவருக்கு அது பழகுகிற சங்கதியா? நிலக்கரித் தூசிலும் மேல்மண் மேட்டுக் காற்றிலும் எட்டு மணி நேரம் நிற்பவரின் வறண்ட கண்ணும், ஐடி அலுவலகத்தில் இமைக்க மறந்து திரை பார்ப்பவரின் வறண்ட கண்ணும் ஒன்றா? கபடி ஆடுகிற பையனுக்கு மடல் வைக்கிற முறையே பொருந்தாது. பல வருடம் கழித்தும் ஒரு விரல் பட்டு மடல் நகர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. அவனுக்கு மடலே இல்லாமல் மேல்தோலை நீக்கிச் செதுக்குகிற பழைய முறை உண்டு. மூன்று நாலு நாள் நல்ல வலி, பார்வை தெளிய வாரங்கள், வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் தலைகாட்டினால் கருவிழியில் மங்கல் விழலாம். ஆனால் நகர்வதற்கு அங்கே மடல் இல்லை.

இத்தனைக்கும் பதில் சொல்ல வருகிறவர்கள் முதலில் எடுப்பது புதிய கருவியை. மடல் கீற பிளேடு போய் ஃபெம்டோ லேசர் வந்துவிட்டது, அதற்கும் மேலே ஸ்மைல் வந்துவிட்டது, மடலே இல்லை, மூன்று மில்லிமீட்டர் வாயில் வழியாகச் சின்னச் சில்லை உருவி எடுத்துவிடுகிறார்கள், இன்னும் பழைய கதை பேசலாமா என்கிறார்கள். பாதி நியாயம். மடல் சம்பந்தப்பட்ட விபத்துகள் குறைந்தன. ஸ்மைலில் நரம்பு குறைவாக அறுபடுவதால் ஆரம்ப வறட்சியும் குறைவு. ஆனால் சில்லாக உருவினாலும் தூளாகச் செதுக்கினாலும் போனது போனதுதான். அரை மில்லிமீட்டர்க் கழித்தலைக் கருவி மாற்ற முடியாது. ஸ்மைலுக்குப் பிறகு புடைத்த கண்களும் பதிவாகியிருக்கின்றன. இரண்டாவது வாதம் வலுவானது: காண்டாக்ட் லென்ஸ் மட்டும் பத்திரமா? இல்லை. லென்ஸோடு தூங்கி, குழாய்த் தண்ணீரில் கழுவி, கிணற்றில் நீந்திக் கருவிழிப் புண்ணோடு வருகிறவர்கள் உண்டு. இருபது வருடம் அலட்சியமாக லென்ஸ் போடுவதற்கு ஒருமுறை ஒழுங்காகச் செய்த லேசிக் மேல் என்று வாதாடலாம். லென்ஸைக் கைவிட முடியாதவர் அப்படி முடிவெடுத்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலோருக்கு லேசரின் எதிரே நிற்கிற மாற்று, லென்ஸ் அல்ல, மூக்குக் கண்ணாடி. அதில் கண்ணுக்கு ஆபத்து எதுவும் இல்லை.

மூன்றாவது, வேலை. கண்ணாடி போட்டால் வேலை கிடைக்காதே, ஏழைப் பிள்ளைக்கு வேறு வழி என்ன என்கிற கேள்விக்கு மரியாதை கொடுத்தே பதில் சொல்ல வேண்டும். அவசரத்தில் செய்து ஏமாறுவதும் இங்கேதான் அதிகம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்தவர்கள் தகுதியில்லை என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். கண்ணாடி இல்லாமல் கடைசி வரியைப் படித்தாலும், விளக்குக் கருவியில் பார்க்கிற மருத்துவருக்கு மடலின் விளிம்பு மெல்லிய வளையமாகத் தெரிந்துவிடும். ஆயுளுக்கும் அழியாத தடயம் அது. ராணுவ அதிகாரித் தேர்வில் சில பிரிவுகள் ஏற்றுக்கொள்கின்றன; அங்கும் 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதம் கடந்திருக்க வேண்டும், கருவிழி 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்று நிபந்தனை உண்டு. கவனியுங்கள், அங்கேயும் மைக்ரான் கணக்குதான். பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் விண்ணப்பிக்கப் போகிற வேலையின் மருத்துவ விதியை ஒருமுறை படித்துவிடுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

இதில் வியாபாரக் கோணம் ஒன்று உண்டு. பரிசோதித்துவிட்டு ‘உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்கிற மருத்துவருக்கு அன்றைக்கு வருமானம் இல்லை. பண்டிகைத் தள்ளுபடி, இரண்டு கண்ணுக்கு ஒரே பேக்கேஜ், தோழியை அழைத்துவந்தால் சலுகை என்று விற்கிற ஏற்பாட்டுக்குள் இந்த ‘வேண்டாம்’ இயல்பாக வராது. நல்ல மருத்துவமனைகள் இதைச் சொல்கின்றன என்பதும் உண்மை. சொல்லிவிட்டு, ‘பக்கத்து ஊரில் செய்யலாம்னு சொல்லிட்டாங்களே’ என்று நோயாளி போய்விடுவதைப் பார்த்துக்கொண்டும் இருக்கின்றன. பவர் ஒரு வருடமாக அரைக்கு மேல் மாறாமல் நின்றிருக்கிறதா, கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கிறாரா, மூட்டுவாதம்போல் உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது கருவிழி கூம்பியதா என்றெல்லாம் கேட்காமல் நேராக விலைப்பட்டியலுக்கு வருகிற இடத்தில், கேட்கப்படாத கேள்விகளே பதில் சொல்லிவிடுகின்றன. வாசலில் பார்த்த ஆலோசகரைத் தவிர, கத்தி பிடிக்கப் போகிற மருத்துவரை முன்னதாகச் சந்திக்க முடிகிறதா என்பதும் பார்க்க வேண்டியது.

எல்லாம் பொருந்தி, நல்லபடியாக முடிந்தவர்களுக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. கிட்டப்பார்வை வந்தது கண் நீண்டதால். லேசர் கருவிழியைத்தான் தட்டையாக்கியது, கண்ணைக் குட்டையாக்கவில்லை. விழித்திரை மெலிந்து கிழிகிற ஆபத்து முன்புபோலவே இருக்கும். கண்ணாடி போய்விட்டது என்று வருடாந்தரப் பரிசோதனையை விடக் கூடாது. நாற்பதைத் தாண்டினால் பேப்பர் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்தே தீரும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தத்தை அளந்தால் கருவி குறைத்துக் காட்டும். கண்நீர் அழுத்த நோய் இருந்தும் ‘நார்மல்’ என்று வந்துவிடக்கூடும். அறுபது வயதில் புரை வரும்போது உள்ளே வைக்கிற லென்ஸின் பவரை, செதுக்காத கருவிழி என்று நினைத்துக் கணக்குப் போட்டால் கணக்குத் தப்பும். அன்றைக்கு மருத்துவர் கேட்கப்போவது, இன்றைக்குச் சிகிச்சைக்கு முன் எடுத்த அந்த வரைபடத்தையும் பவர்ச் சீட்டையும்தான். மருத்துவமனை முப்பது வருடம் அதைப் பத்திரப்படுத்தும் என்று நம்பி இருக்க முடியாது. அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சடித்துத் தருவது இரண்டு கோடையில் வெளிறிவிடும், அதனால் ஜெராக்ஸ் எடுத்து, பட்டாவும் ரேஷன் கார்டும் கிடக்கிற பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு வைப்பது உத்தமம்.